பினாங்கில் இரத்தக்காட்டேரி மாப்பிள்ளை ஆனால் பெண் வீட்டில் எத்தனை நாளில் கண்டுபிடிப்பார்கள்?

நகைச்சுவைக் கதைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். காட்டேரிக்கும் பினாங்குத் தமிழ்ப் பெண்ணுக்கும் காதலாம், வீட்டுக்குத் தெரியாமல் ஓட்ட வேண்டுமாம். நீங்கள் வெளியூராக இருக்க வேண்டும், அல்லது வீட்டில் பாட்டி இல்லாதவராக. உயிருள்ள மனிதன் என்னையே ஒரே சாப்பாட்டில் பிடித்துவிட்டார்கள்.

அப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு நிரந்தர இரவு ஷிப்ட், மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. 1982-ல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே ஏழு மணிக்கு முன் சூரியன் தலைகாட்டுவதில்லை. காட்டேரிக்கு வசதி, கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் அறைக்கு ஓடி, ஜன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டிப் படுத்துவிடுவேன். நாலு வருஷத்தில் வெளுத்துப்போனேன். தமிழன் வெளுத்தால் ஊர் இரண்டே காரணம்தான் சொல்லும்: காசு, இல்லாவிட்டால் பேய். என்னிடம் காசு இல்லை என்பது ஊரறிந்தது.

அவளைப் பார்த்தது டிங்கிக் காய்ச்சலில். பிளேட்லெட் பார்க்க கிளினிக்கில் தினமும் ஊசி குத்தினாள். "நரம்பே கிடைக்கல லா உங்களுக்கு," அதுதான் முதல் பேச்சு. இந்தக் காதலில் இரத்தம் எடுத்தது யார் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

பாகானில் அவள் வீடு. லீவு நாளிலும் எனக்குப் பகலில் கண் திறக்காது, பொழுது சாய்ந்துதான் போனேன். பாட்டி முகத்தையே பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தரையில் படுகிறதா என்று. பிறகு பூண்டு ரசம் வந்தது. எனக்குப் பூண்டு ஆகாது, நெஞ்செரியும். ஒவ்வொரு பல்லாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைத்தேன்.

"பகல்ல ஒரு நாளு வாயேன்யா."

"பகல்ல படுத்திருவேன், பாட்டி."

முடிந்தது கதை.

இரவு ஷிப்ட்காரர்களைக் கேலி செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், நானும் அந்தச் சோறு தின்றவன்தான். இரத்தம் குடிக்கும் பெண்பேயான பொந்தியானாக் மலாய்க்காரர் பேய், தமிழ்ப் பாட்டிக்கு அதில் என்ன வேலை என்றும் கேட்காதீர்கள். 1957-ல் சிங்கப்பூரில் அவளைப் படமாக எடுத்த பி.என். ராவே இந்தியாவிலிருந்து வந்தவர். பாட்டி பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்திலோ பேய்க்கு இனம் பார்த்துப் பயந்தவர்கள் யாரும் இல்லை.

இன்னொன்று. அழைக்காமல் காட்டேரி வீட்டுக்குள் நுழைய முடியாது என்று ஒரு விதி உண்டே, அதை வாடகை வீடு தேடிய தமிழனிடம் சொல்லிப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் பதினொரு இடத்துக்குப் போன் போட்டேன். பெயரைச் சொன்னதும் "ஆள் வந்தாச்சு" என்பார்கள். மறுநாளும் அதே விளம்பரம் இருக்கும். ஒருவர் நேராகவே சொன்னார்: இந்தியர் வேண்டாம், சமையல் வாசம் சுவரில் ஏறிவிடும். இரத்தம் மட்டும் குடிப்பேன், அடுப்பே பற்றவைக்க மாட்டேன் என்றிருந்தால் சாவியைக் கையில் கொடுத்திருப்பார்.

சரி, பாட்டி. பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் அடக்கமான மனைவியாகிவிடுவாள், பிடுங்கினால் பழையபடி பேய் என்பார்கள். கோயிலில் தாலி கட்டி முடித்து, இருவரும் பாட்டி காலில் விழுந்தோம். அட்சதை போட்ட கை அப்படியே என் பிடரிக்கு இறங்கியது. அங்கே சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கொழுப்புக்கட்டி, கல் மாதிரி. விரல் அதில் பட்டதும் பாட்டி முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பேத்தியை இழுத்துக் காதில் ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்பது போன வருஷம்தான் தெரிந்தது, அந்தக் கட்டியை எடுக்க நான் கிளினிக்கில் தேதி வாங்கியபோது. இரண்டு தடவை தேதி தள்ளிப்போய்விட்டது. கட்டி இன்னும் இருக்கிறது.