பாரம்பரிய ரயில்பாதைகளில் தன்னார்வலர்கள் ஏன் கொட்டும் மழையில் வடிகாலைச் சரிசெய்யப் போகிறார்கள்? வெயில் வரும்வரை காத்திருக்கக் கூடாதா?

பிரிட்டனில் தன்னார்வலர்கள் நடத்தும் நீராவி ரயில்பாதை ஒன்றில், தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். பெரிதாகத் தோண்டும் வேலைக்கு வெயில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கே தோண்டுவது என்பதை மழைதான் காட்டும். காய்ந்த நாளில் போய்ப் பார்த்தால் எல்லா வடிகாலும் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

ரயிலின் எடை தண்டவாளத்திலிருந்து அதற்குக் குறுக்கே அடியில் போட்ட கட்டைக்கும், கட்டையிலிருந்து ஜல்லிக்கும், ஜல்லியிலிருந்து அடிமண்ணுக்கும் இறங்குகிறது. ஜல்லிக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் மழைத்தண்ணீர் வடிய வேண்டும். அடியில் களிமண் இருந்து, தண்ணீர் போக வழியில்லாமல் நின்றால் மண் இளகிவிடும். ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் கட்டை அமுங்கி எழும், சேறு பம்ப் அடித்த மாதிரி மேலே வரும். அந்தச் சேறு ஜல்லியின் இடைவெளியை அடைக்க, இன்னும் அதிகத் தண்ணீர் தேங்கும். தண்டவாள இணைப்புகள் உள்ள இடத்தில்தான் பெரும்பாலும் இது முதலில் தெரியும்: ஜல்லி மேல் சாம்பல் நிறச் சேறு, சற்றே தாழ்ந்த இணைப்பு. அங்கே கட்டையைத் தூக்கி, அடியில் ஜல்லியைக் கெட்டித்து மட்டம் பார்த்தாலும் கொஞ்ச நாளில் மறுபடி இறங்கிவிடும். வடிகாலைத் தொடாமல் ஜல்லியை மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

'இந்த ரயில்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் போவதில்லையே, என்ன ஆகிவிடும்?' என்று சிலர் கேட்பார்கள். மழையில், பாதையைத் தாங்கும் மண்கரை சரிவதற்கும் ரயிலின் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. 2007 ஜூனில் பெய்த பேய்மழையில் செவர்ன் வேலி ரயில்பாதையில் பல இடங்களில் கரை சரிந்தது. ஓரிடத்தில் அடிமண் போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. 16 மைல் பாதை முழுவதும் மறுபடி திறக்க 2008 மார்ச் ஆனது. டிக்கெட் வருமானத்தையும் நன்கொடையையும் நம்பி நடக்கும் ஓர் அமைப்புக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மழையில் நாங்கள் என்ன செய்கிறோம்? முக்கால்வாசி நேரம் பார்க்கிறோம். குழாய் வடிகாலில் இடையிடையே தொட்டிகள் இருக்கும். அவற்றின் அடித்தளம் குழாயைவிட ஆழமாக இருப்பதால் வண்டல் அங்கே தங்கும். மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுவோம். மேல் தொட்டி நிரம்பி நிற்க, கீழ்த் தொட்டியில் சொட்டு சொட்டாக வந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில்தான். அங்கேயே குழாய்க்குள் கோலை விட்டுக் குத்தி எடுக்கலாம். அடைப்பு திடீரென்று விடுபட்டுத் தண்ணீர் பாயும் சத்தத்தைக் கேட்கும்போது வரும் மகிழ்ச்சியை எனக்கு எழுதத் தெரியவில்லை.

இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது, கடைசியில் வெளியே வரும் தண்ணீரின் நிறத்தை. கலங்கலாகவே வந்துகொண்டிருந்தால், உள்ளே எங்கோ மண் அரித்துப் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். வடிகாலே இல்லாத இடத்தில் சரிவிலிருந்து தண்ணீர் கசிந்தால் அதைப் படம் எடுத்துக் குறித்து வைப்போம். பல பாதைகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உலகில் முதன்முதலாகத் தன்னார்வலர்கள் காப்பாற்றி 1951-இல் ஓட்டிய, வேல்ஸில் உள்ள டாலிலின் பாதைகூட 1865-இல் போட்டதுதான். அந்தக் காலத்து வடிகால் எல்லாம் வரைபடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. முட்புதருக்கு அடியில் மறைந்த பழைய தொட்டியை மழைத்தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும்.

கையால் செய்யும் வேலை சிறியதுதான். பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலத்தின் கம்பி வலையில் சேர்ந்த இலையை வாருவோம், ஜல்லிக்குள் ஓடும் தண்ணீரை மண்வெட்டியால் சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுவோம். இலையை வாரும் அந்த அரைமணி நேரம் சில சமயம் ஒரு கரையையே காப்பாற்றும்.

செய்யக் கூடாதவையும் உண்டு, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நனைந்த சரிவின் அடிவாரத்தைத் தோண்டக் கூடாது, மேலே உள்ள மண்ணைத் தாங்குவது அதுதான். எவ்வளவு அகலமாக இருந்தாலும் சிறுபாலத்துக்குள் நுழையக் கூடாது. கையுறை கட்டாயம், தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் தொற்றலாம். மழைச் சத்தத்திலும் தலையில் மாட்டிய தொப்பியாலும் ரயில் வருவது கேட்காது. அதனால் முடிந்தவரை ரயில் ஓடாத நேரத்தில்தான் வேலை. கரை உச்சியில் விரிசலோ, புதிதாகச் சாய்ந்த வேலிக் கம்பமோ கண்ணில் பட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உடனே பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும். ரயிலை நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்வார்.

தண்ணீர் பல நேரம் நம் இடத்தில் பிறப்பதே இல்லை. மேலே உள்ள வயலின் வாய்க்கால் தூர்ந்துபோனால் அத்தனையும் பாதைக்குள் வரும். பக்கத்து நிலக்காரரிடம் தன்மையாகப் பேசுவதும் வடிகால் வேலைதான்.

அப்புறம் கோடையில், மழையில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு புதுக் குழாய் பதிப்போம். எப்போதும் தண்ணீர் வெளியேறும் முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போவோம். மாற்றித் தொடங்கினால் தோண்டிய பள்ளமே குளமாகிவிடும். இந்த வேலையில் சேர முன் அனுபவம் தேவையில்லை, பயிற்சி கொடுப்பார்கள். தோண்ட உடம்பு ஒத்துழைக்காதவர்கள் தொட்டிகளின் மட்டத்தை எழுதி வைத்தாலே போதும், அடுத்த மழைக்கு ஒப்பிட எங்களுக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.