நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு நாளாந்தம் சைக்கிளில் வேலைக்குச் செல்வதால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. என்ன பயிற்சிகள் செய்யலாம்?

முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் காரணம், மிதிக்கும்போது முழங்காற்சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே ஏற்படும் அழுத்தமே; இருக்கை தாழ்வாக இருந்தால் கால் அதிகமாக மடங்கி அது இன்னும் கூடும் என்பதால், முதலில் இருக்கையைச் சரிபாருங்கள். பெடல் ஆகக் கீழே வரும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருந்தால் போதும்.

பலப்படுத்துவதில் தொடைக்கு முன்னர் இடுப்பைத்தான் நான் சொல்வேன், ஏனெனில் பிட்டத் தசை தளர்ந்திருந்தால் மிதிக்கையில் முழங்கால் உட்பக்கமாகச் சரியக்கூடும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிக்கால்கள் ஒட்டியிருக்க, மேற்காலின் முழங்காலை மட்டும் மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள்; இடுப்பு பின்னால் உருண்டுவிட்டால் பயனில்லை. பின்னர் மல்லாந்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டியபடியே மடக்கிய முழங்காலின் உயரத்துக்குத் தூக்கி, 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொன்றையும் 10 முதல் 15 தடவை, வாரத்தில் மூன்று நாள் செய்யலாம்.

நீட்சிப் பயிற்சியை, சைக்கிள் ஓடி முடித்து உடல் சூடாயிருக்கும்போதே செய்வது நல்லது. சுவரைப் பிடித்து நின்று, குதிக்காலைப் பிட்டத்தோடு சேர்த்து 30 விநாடி வைத்திருங்கள். முன்தொடை இழுபட வேண்டுமே தவிர முழங்கால் வலிக்கக் கூடாது. கச்சான் காற்றை எதிர்த்து மிதிக்க நேரும் நாட்களில், கியர் உள்ள சைக்கிளென்றால், இலகுவான கியரில் விரைவாகச் சுழற்றுங்கள். முழங்கால் வீங்கினாலோ மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.