பெருந்தமனிக் காயத்துக்கு உடனே அறுவை செய்யாதது அலட்சியமா?

வாகன விபத்தில் அடிபட்ட உங்கள் அண்ணனின் பெருந்தமனியில் (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முதன்மைத் தமனி) போலி வீக்கம் இருப்பதாக சி.டி. ஆஞ்சியோகிராம் (இரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) காட்டிய பின்னும், அவருக்கு அன்றிரவே அறுவை செய்யாமல் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை மட்டும் செலுத்துவது அலட்சியம் அல்ல. மண்ணீரலிலும் இரத்தக்கசிவு உள்ளது என்று எழுதியிருக்கிறீர்கள். நிலைமை அதுவானால், அந்தக் கசிவை முதலில் அடக்கிவிட்டுத் தமனிக்கு வருவதே பெரும்பாலும் பின்பற்றப்படும் வரிசை.

வாகனம் மோதித் திடீரென நிற்கும்போது, இடக்கைக்குச் செல்லும் தமனி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தாலும், வெளிப்படலம் இரத்தத்தைத் தாங்கி நிற்கக்கூடும். இதுவே போலி வீக்கம். அழுத்தத்தைக் குறைக்கத் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்து ஒவ்வொரு துடிப்பும் அந்தச் சுவரில் மோதும் விசையைத் தணித்து அவகாசம் தருகிறது. மேலும், கிழிசலை உள்ளிருந்து மூடும் ஸ்டென்ட் குழாயைப் பொருத்தும்போது பொதுவாக இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து தேவைப்படும், கசியும் மண்ணீரலுக்கு அது ஆபத்து. (முதல் எக்ஸ்ரே இயல்பாக இருந்ததைக் குறித்துக் குழம்ப வேண்டாம், எக்ஸ்ரே மட்டும் இக்காயத்தை விலக்கிவிடாது.)

மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

1. இக்காயத்தின் தீவிரத்தைக் குறிக்கும் நான்கு படிநிலைகளில் இது எது? போலி வீக்கம் மூன்றாம் நிலை. முழுச் சுவரும் கிழிந்த நான்காம் நிலையில் காத்திருக்க இடமில்லை.

2. தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் பொருத்தினால், இடக்கைத் தமனியின் வாய் மூடப்படுமா?

தலையிலும் அடிபட்டிருந்தால் அழுத்தத்தை அதிகம் தாழ்த்த முடியாது என்பதால், மேற்சொன்னது அப்படியே பொருந்தாது. புதிதாக மார்புவலியோ முதுகுவலியோ, கால்களில் பலவீனமோ தோன்றினால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.