நெஞ்சுப் பள்ளமும் புடைப்பும்: ஒரு மார்பறுவை மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நெஞ்சின் நடுவே பள்ளம் விழுந்திருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா, டாக்டர்?

பதில்: பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு ஒழுங்கற்று வளர்வதால் உண்டாகும் இப்பள்ளம், பையன் மளமளவென்று உயரும் பருவத்தில்தான் ஆழமாகிறது. முதலில் அளந்து பாருங்கள். சி.டி. ஸ்கேனில் மார்பின் குறுக்கு அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரத்தால் வகுத்தால் கிடைப்பது ஹாலர் குறியீடு. இயல்பான மார்பில் அது ஏறத்தாழ 2.5 இருக்கும், 3.25-ஐத் தாண்டினால் கடுமையானது என்று கொள்கிறோம். இதயம் நசுங்கியுள்ளதா என்று அறிய எக்கோ எனப்படும் இதய ஒலி அலைச் சோதனையும், நுரையீரல் செயல்திறன் சோதனையும் வேண்டும். பையன் மிக உயரமாகவும் கைவிரல்கள் வழக்கத்தைவிட நீண்டும் இருந்தால், இணைப்புத் திசுக்களைப் பலவீனமாக்கும் மரபுக் கோளாறான மார்ஃபான் நோய்க்கூறு உண்டா என்பதையும், பெருந்தமனி விரிந்துள்ளதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு நீச்சலையும் விளையாட்டையும் தவிர்க்கிறானா என்று அவனையே தனியாகக் கேளுங்கள். அம்மா அருகில் இருந்தால் பிள்ளைகள் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: உறிஞ்சுக் கிண்ணம் வைத்தால் அறுவை இல்லாமலே சரியாகுமா?

பதில்: நெஞ்சின் மேல் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பள்ளத்தை வெளியே இழுக்கும் கருவி அது. பள்ளம் ஆழமில்லாமல், மார்புச் சுவர் இன்னும் வளைந்துகொடுக்கும் சிறு வயதில் பலன் கிடைக்கலாம். தினமும் சில மணி நேரம், ஓராண்டுக்கு மேலும் தொடர வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 24. நஸ் முறைக்குக் காலம் கடந்துவிட்டதா? வலி தாங்க முடியாது என்கிறார்களே?

பதில்: கடக்கவில்லை. 1987-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டொனால்ட் நஸ் தொடங்கி, 1998-இல் மருத்துவ உலகுக்கு அறிவித்த இம்முறையில், பக்கவாட்டில் சிறு கீறல்கள் வழியே வளைந்த உலோகப் பட்டை ஒன்றை மார்பெலும்பின் அடியில் செலுத்தித் திருப்பி, பள்ளத்தை உள்ளிருந்து உயர்த்துகிறோம். உங்கள் வயதில் எலும்புக்கூடு இறுகியிருப்பதால் இரண்டு பட்டைகள் தேவைப்படலாம். வலியும் கூடுதலாக இருக்கும். விலா நரம்புகளை உறைய வைத்துச் சில மாதங்கள் மரத்துப்போகச் செய்யும் முறை வந்தபின், மார்ஃபின் வகை மருந்துகளின் தேவை வெகுவாகக் குறைந்திருக்கிறது. பட்டை பொதுவாக 2 முதல் 4 ஆண்டுகள் உள்ளே இருக்கும். அது இடம் நகர்வது அறிந்த சிக்கல். இதயம் காயப்படுவது மிக அரிது, ஆனால் உயிராபத்தானது. ஆகவே இவ்வறுவையை அடிக்கடி செய்யும் குழுவைத் தேடிப் போவது நல்லது.

ஒருபக்கம் சாய்ந்த பள்ளத்துக்கும், பள்ளமும் புடைப்பும் கலந்த மார்புக்கும், 1949-இல் வெளியான ராவிட்ச் முறையே இன்றும் சில சமயம் பொருத்தமானது. குருத்தெலும்பை அகற்றும் அந்தத் திறந்த அறுவையைச் சிறு குழந்தைகளுக்கு விரிவாகச் செய்தபோது, சிலருக்கு மார்புக்கூடே வளராமல் நின்றுபோனது என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: என் தம்பிக்கு 15 வயது, நெஞ்சு முன்னால் புடைத்திருக்கிறது. அவனுக்கும் பட்டை வைப்பார்களா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. வெளியிலிருந்து அழுத்தும் பிரேஸ் போதும். தோல்வி பெரும்பாலும் கருவியால் வருவதில்லை, அதைக் கழற்றி வைப்பதால்தான் வருகிறது. புடைப்பு அடங்கிய பின்னும் வளர்ச்சி முடியும்வரை இரவில் அணிய வேண்டும்.

கேள்வி: ஜிம்முக்குப் போனால் பள்ளம் மறையுமா?

பதில்: தசை வளரும், கூனல் குறையும், எலும்பு இடம் மாறாது.

கேள்வி: பட்டை உள்ளே இருப்பவருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சை அழுத்தி உயிர் காக்க முடியுமா? நிக்கல் ஒவ்வாமை உள்ளவர் என்ன செய்வது?

பதில்: ஒவ்வாமை உள்ளவருக்கு டைட்டானியப் பட்டை உண்டு, கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறது என்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதயம் நின்றால் தயங்காமல் நெஞ்சை அழுத்தலாம். வழக்கத்தைவிடக் கூடுதல் விசை தேவைப்படும். மின்னதிர்ச்சி கொடுக்கும்போது ஒட்டுகளில் ஒன்றை மார்பிலும் மற்றதை முதுகிலும் வைக்க வேண்டும். இதை எழுதிய அட்டை ஒன்று எப்போதும் உங்கள் பணப்பையில் இருக்கட்டும்.