மொட்டை மாடி ட்ரோனும் அடுத்த வீட்டுப் புறவாசலும்

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் பல வீடுகள் ஒரே வளாகத்தில் ஒட்டி ஒட்டி இருக்கிற பழைய வளவு ஒன்றில் இருக்கிறோம். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கூடப் படிக்கிற பையனிடமிருந்து 249 கிராம் கேமரா ட்ரோன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். அன்றிலிருந்து அதில் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறான். பெரிய பேட்டரி, இறக்கையைச் சுற்றிக் கூண்டு, ராத்திரிக்கு எல்இடி. உயரக் கட்டுப்பாட்டைக்கூட ஏதோ சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிட்டானாம். வருகிற கோயில் கொடைத் திருவிழாவுக்கு சாமிக்கு மேலிருந்து பூத்தூவ ஒரு கொக்கி மாட்டப் போகிறேன் என்கிறான். இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஆச்சி, “புறவாசல்ல நின்னு ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்க முடியல” என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் பேரன் கல்லெடுத்து அடிப்பேன் என்கிறான். மகனோ, “அவ்வளவு உசரத்துல ஒண்ணும் தெரியாதுப்பா” என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: ஆச்சி சொல்வது சரி. உங்கள் மகன் சொல்வதும் முழுப்பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

249 கிராம் வகை ட்ரோன்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது அகலமாகப் பார்க்கிற லென்ஸ், போட்டோக்காரர்கள் கணக்கில் 24 மில்லிமீட்டர். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதைப்போல ஒன்றரை மடங்கு அகலம் படத்தில் விழும். 30 மீட்டர் தள்ளி நின்றால் 45 மீட்டர் அகலம். 4கே வீடியோவில் அந்த 45 மீட்டரையும் 3,840 புள்ளிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு மனித முகம் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம் என்றால் அதன் பங்குக்கு வருவது 13 புள்ளி. அதை வைத்து முகம் கண்டுபிடிக்க முடியாது, சேலை நிறம் தெரியும். 60 மீட்டரில் ஆறேழு புள்ளிதான், தலை என்று சொல்லலாம், யார் தலை என்று சொல்ல முடியாது. உங்கள் மகன் சொல்வது இதைத்தான்.

ஆனால் 10 மீட்டருக்கு இறங்கினால் அதே முகத்துக்கு 38 புள்ளி. தெரிந்தவர் பார்த்தால் யாரென்று சொல்லிவிடுவார். மொட்டை மாடியில் ஏற்றி இறக்கும்போது ட்ரோன் ஒவ்வொரு தடவையும் இந்த உயரத்தைக் கடந்துதான் போகிறது, வருகிறது. தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் உள்ள மாடல் என்றால் கணக்கே வேறு. டிஜேஐ என்ற ட்ரோன் கம்பெனியின் மேவிக் 3 புரோ மாடலிலுள்ள 166 மில்லிமீட்டர் லென்ஸ் 100 மீட்டரில் நின்று பார்ப்பது, உங்கள் மகனுடைய ட்ரோன் பதினான்கு பதினைந்து மீட்டரில் நின்று பார்ப்பதற்குச் சமம்.

சரி, 60 மீட்டரிலேயே நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக் கணக்கைச் சொல்லி ஆச்சியைச் சமாதானப்படுத்த முடியுமா? முடியாது, முடியவும் கூடாது. முகம் தெரியாவிட்டால் என்ன, அந்தப் புறவாசல் யாருடையது என்று வளவில் எல்லோருக்கும் தெரியும். அங்கே நிற்கிற ஆறு புள்ளி ஆச்சியா மருமகளா என்று நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பையே பாருங்கள். தார்சா என்கிற முன்தாழ்வாரம் தெருவுக்கு, பட்டாசல் என்கிற கூடம் வந்தவர்களுக்கு, அடுப்பங்கரையும் புறவாசலும் வீட்டுப் பெண்களுக்கு. சுவர் எழுப்பினதெல்லாம் தெருவிலிருந்து வரும் கண்ணுக்காக. மேலே வானம் திறந்து கிடந்தது, அங்கிருந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தார்கள். அதனால் ஆச்சியின் கோபத்தை விவரம் தெரியாத கோபம் என்று தள்ளிவிடாதீர்கள். ட்ரோன் என்ன பார்க்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரிய வழியே இல்லை. கேமரா வயலைப் பார்க்கிறதா, வாசலைப் பார்க்கிறதா என்பது பறக்கவிடுபவன் கையிலுள்ள போனுக்கு மட்டும்தான் தெரியும்.

இனி அந்த மாற்றங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கேமராவைவிட இவைதான்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. கம்பெனிகள் 249 என்று நிறுத்தி வைப்பது இந்த மாதிரி எல்லைக்காகத்தான். நானோவுக்குச் சலுகை அதிகம்: டைப் சர்டிபிகேட் வேண்டாம், ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமில்லை. எல்லை தாண்டி மைக்ரோ ஆகிவிட்டால், பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவருக்குப் பைலட் சான்றிதழ் மட்டும் விலக்கு. டைப் சர்டிபிகேட், பதிவு எண், காப்பீடு மூன்றும் வேண்டும். இதில் டைப் சர்டிபிகேட் என்பது அந்த மாடல் தரத்துக்கு உட்பட்டது என்று அந்த மாடலுக்கு வாங்குகிற சான்று. வீட்டில் கூண்டு கட்டி மாற்றிய ட்ரோனுக்கு அதை உங்கள் மகன் எங்கே போய் வாங்குவான்?

இந்த எடை, ட்ரோனோடு அது சுமக்கிற எல்லாவற்றையும் சேர்த்த எடை. ஒரே ஒரு கிராம்தான் இடைவெளி. ஒரு பூவின் கனம்கூட இல்லை. டிஜேஐ மினி 3 புரோவில் பெரிய பேட்டரியைப் போட்டால் மட்டுமே சுமார் 290 கிராம் ஆகிவிடும். கூண்டு, எல்இடி, கொக்கி என்று சேர்த்தால் சொல்லவே வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்றில் பேட்டரியோடு வைத்து நிறுத்துப் பாருங்கள். 250-ஐத் தாண்டினால் தாண்டியதைக் கழற்றச் சொல்லுங்கள். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கூண்டு கெட்டதல்ல, கல்யாண மண்டபத்துக்குள்ளே பறக்கவிட நல்லது. வெளியே அது காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக நம் பக்கம் இறங்குகிற காற்றில் கூண்டு போட்ட சின்ன ட்ரோனை ஏற்றினால் திரும்ப வருமா என்பது அதன் அதிர்ஷ்டம்.

உயரக் கட்டுப்பாட்டை எடுத்தது இதைவிடப் பெரிய தப்பு. முன் அனுமதி தேவைப்படாத இடம் என்று அரசு வரைபடத்தில் குறித்த பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். “அந்த உயரத்துக்கு நான் எங்கே போகப் போறேன்” என்று பையன் சொல்லக்கூடும். விஷயம் அதுமட்டுமில்லை. இணையத்தில் கிடைத்த யாரோ எழுதிய ஃபார்ம்வேரை, அதாவது ட்ரோனை உள்ளிருந்து இயக்குகிற சாஃப்ட்வேரை, ஏற்றினால், சிக்னல் அறுந்தால் வீடு திரும்புவது, பேட்டரி குறைந்தால் தானே இறங்குவது போன்ற பாதுகாப்பு வேலைகளைச் செய்கிற மூளையிலும் கை வைத்ததாகிறது. அவை பழையபடி வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். கம்பெனியின் ஃபார்ம்வேரையே மறுபடி ஏற்றிவிட்டு, திறந்த வெளியில் பத்து மீட்டர் உயரத்தில் சோதித்துப் பார்க்கட்டும்.

மொட்டை மாடியிலிருந்து ஏற்றுவதிலேயே வேறு சிக்கல்களும் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். அதோடு, திரையில் தெரிகிற உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. மாடி 8 மீட்டர் என்றால் திரையில் 30 என்று காட்டும்போது தெருவிலிருந்து 38. வீடு திரும்பும் உயரத்தை அக்கம்பக்கத்துத் தென்னைக்கும் செல்போன் டவருக்கும் மேலே வைக்காவிட்டால் நேராகப் போய் அதில் மோதும். எனக்கு ஒரு தடவை வேப்பமரத்தில் மாட்டியது. தொரட்டியோடு ஏறி எடுத்துக் கொடுத்த அண்ணாச்சி கூலி வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மாதம் பார்க்கிற இடத்திலெல்லாம் கேலி பண்ணித் தீர்த்துக்கொண்டார்.

எல்இடியைப் பற்றி ஆச்சரியமாக ஒன்று சொல்கிறேன்: எடைக்குள் அடங்கினால் அது இருக்கட்டும். விளக்கு எரிகிற ட்ரோன் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சில பையன்கள் ட்ரோனில் ஏற்கெனவே இருக்கிற விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுகிறார்கள். மாற்றங்களிலேயே மோசமானது அதுதான். “தெரியாமல் பார்க்கத்தான் ஒட்டினான்” என்று யாரும் சொல்வார்கள், மறுத்துப் பேச வாயிருக்காது. அதற்காக ராத்திரியில் வளவுக்கு மேல் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. இருட்டில் கீழ்நோக்கிய சென்சார்கள் கண்மூடிவிடும்.

இன்னொன்று. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ராணுவம், ஆராய்ச்சி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது எப்போது, எந்த வழியாக நாட்டுக்குள் வந்தது என்று விற்ற பையனிடம் கேட்டு, பழைய பில் இருந்தால் வாங்கி வையுங்கள்.

ஆச்சி போலீஸுக்குப் போனால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, மனசில் இருக்கும். ட்ரோன் விதிகள் பெரும்பாலும் ஆகாயப் பாதுகாப்பைப் பற்றியவை. அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. குளிப்பது, உடை மாற்றுவது போன்ற தனிப்பட்ட நிலையில் ஒரு பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ-யும் சேரும். உங்கள் மகனுக்கு அந்த எண்ணமே இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் புறவாசலுக்கு மேலே நின்ற ட்ரோனில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்றால், எண்ணம் இல்லை என்பதை விளக்க வேண்டிய இடத்தில் அவன்தான் நிற்பான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-லேயே சொல்லியாயிற்று.

ஆச்சியின் பேரனுக்கும் ஒரு வார்த்தை. கல்லெறிந்து ட்ரோனை உடைப்பது அடுத்தவர் பொருளுக்குச் சேதம் செய்கிற குற்றம். அடிபட்ட ட்ரோன் யார் தலையில் விழும் என்பதும் தெரியாது. தேதி, நேரம் குறித்துக்கொண்டு, ட்ரோன் நிற்பதைப் போனில் படமெடுத்து ஸ்டேஷனில் கொடுத்தால் அதற்குப் பலம் அதிகம்.

அந்த அளவுக்குப் போகாமல் இருக்க, இந்த ஞாயிற்றுக்கிழமையே மகனைக் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், “மன்னிச்சுக்கிடுங்க ஆச்சி” என்று அவன் வாயால் வரட்டும். பிறகு மெமரி கார்டையும் போனையும் அவர்கள் முன்னால் வைத்து, இதுவரை எடுத்ததை ஓடவிட்டுக் காட்டட்டும். அவர்கள் வீடு விழுந்த படங்களை அவர்கள் எதிரிலேயே அழிக்கட்டும். இதில் பலர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு: கார்டில் அழித்தாலும் வீடியோவின் சின்ன நகல் போனிலுள்ள ஆப்பில் தங்கியிருக்கும். அதையும் அழிக்க வேண்டும். ஏற்கெனவே இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். ட்ரோன் போட்டோவுக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். அந்தப் போட்டோவை அப்படியே ஒருவருக்கு அனுப்பினால் வீட்டு விலாசத்தையும் சேர்த்து அனுப்பின மாதிரிதான்.

அதன் பிறகு வளவிலிருந்து பறக்கவிடுவதையே நிறுத்திவிடுவது நல்லது. நேரம் பேசிக்கொள்ளலாம், கேமராவைத் திருப்பி வைக்கலாம் என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். வளவு மாதிரி நெருங்கின இடத்தில் அது நாலு நாள்கூடத் தாங்காது. பிசான நெல் அறுப்பு முடிந்த வயல்காட்டுக்கு விடியற்காலை சைக்கிளில் போகட்டும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். தாமிரபரணிக்கு மேல் தாழப் பறக்க வேண்டாம், ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக் கீழ்ச் சென்சார் ஏமாந்து ட்ரோன் நழுவும். கிளம்புமுன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் உங்களுக்கு வெகுதூரம். ஆனால் அந்தப் பக்கம் போனால் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான் எல்லை. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றின் பக்கம் ட்ரோன் பெட்டியைத் திறக்கவே கூடாது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள்ளும் அப்படியே. கூந்தன்குளத்தில் பறவைகளுக்காக வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், அங்கே போய் இதை ஏற்றினால் கல்லை எடுக்க ஆச்சியின் பேரன் வர வேண்டியதில்லை.

கடைசியாகக் கொடை. பூத்தூவுகிற கொக்கி வேண்டாம். எடை தாண்டும் என்பது ஒன்று. இதழ் இறக்கைக்குள் சுழன்று போகும், தொங்குகிற கனம் ஆடினால் ட்ரோனும் ஆடும். கீழே பந்தல், சீரியல் செட், ஒலிபெருக்கி வயர், வேட்டு. சாமக்கொடையில் சாமியாடி தீப்பந்தத்தோடு எந்தப் பக்கம் ஓடுவார் என்று ஊருக்கே தெரியாது, ட்ரோனுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துக்கு மேல் எதையும் பறக்கவிடாதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆசையை முழுசாகக் கெடுக்கவும் வேண்டாம். கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிதாரர்களிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, மதியக் கொடை சமயத்தில் கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்று, கோயிலையும் ஊரையும் சேர்த்துப் பக்கவாட்டில் எடுக்கட்டும். பூவைப் பூசாரி கையில் கொடுத்துவிடுங்கள்.