பீப்பாயில் முதிர்ந்த புளிப்பு பீர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓக் பீப்பாயில் இரண்டு வருடம் வைத்திருந்த புளிப்பு பீர் ஒன்றை நண்பர் பரிசாகக் கொடுத்தார். முதல் வாயிலேயே பல் கூசிவிட்டது. கெட்டுப்போன பீரா, இல்லை இப்படித்தான் இருக்குமா?

பதில்: பல் கூசியது என்பதற்காக அது கெட்டுப்போனதாகிவிடாது. முதல் வாயைக் கணக்கில் எடுக்காதீர்கள். பீர் என்றதும் நாக்கு கொஞ்சம் கசப்பையும் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், இனிப்பையும் எதிர்பார்க்கும், அங்கே சுள்ளென்று புளிப்பு வந்து நின்றால் திடுக்கிடத்தான் செய்யும். சாதாரண பீரின் பிஎச் அளவு 4.2 முதல் 4.5 வரை இருக்கும், பெல்ஜியத்து லாம்பிக் போன்ற புளிப்பு பீர்கள் 3.5-க்கும் கீழே போய்விடும், அந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினாலே அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, மூன்றாவது வாயில் எச்சில் நன்றாக ஊறி, புளிப்பு கொஞ்சம் ஒதுங்கி, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் பணம், இல்லை நண்பருடைய பணம், அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு புளிப்பு என்பதைவிட எந்தப் புளிப்பு என்று பாருங்கள். லாக்டிக் அமிலம் என்றால் தயிரில் இருக்கிற அதே புளிப்பு, நாக்கின் ஓரங்களில் பரவி சாந்தமாக அடங்கிவிடும். அசிட்டிக் அமிலம் வினிகர். குடிக்கும் முன்பே மூக்கில் குத்தும், விழுங்கினால் தொண்டையைக் காந்தும். பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியின் சிவப்பு பீர்களில் லேசான வினிகர் வாடை அந்த வகைக்கே உரியது, ஆனால் அது மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டால் பீப்பாய்க்குள் காற்று தேவைக்கு மேல் புகுந்துவிட்டது என்றுதான் சொல்வேன். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை தூக்கலாக அடித்தாலோ, விழுங்கிச் சில நொடிகள் கழித்து எலிக்கூண்டு நாற்றம் போல ஒன்று தொண்டையிலிருந்து மேலே ஏறினாலோ, அது குறைதான். விலை அதிகம் என்பதற்காக அதையும் ரசிக்க முயல வேண்டாம்.

கேள்வி: இந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? பீப்பாய் கொடுப்பதா?

பதில்: பீப்பாய் நேராகப் புளிப்பைக் கொடுப்பதில்லை. புளிக்க வைக்கிற நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு அது வீடு. லாம்பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதை ஒட்டிய சென் ஆற்றுப் பகுதியிலும், பார்லி மால்ட்டோடு மூன்றில் ஒரு பங்கு போல முளைக்காத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சி, ஆழம் குறைந்த அகலமான தொட்டியில் ஊற்றி, ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றில் வருவதும் பீப்பாய் மரத்தில் ஏற்கெனவே குடியிருப்பதும் போதும். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் புகுந்துவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவது வழக்கம். பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூவைக்கூட வருடக்கணக்கில் பழசாக்கித்தான் போடுகிறார்கள், கசப்பு போய்விடும், கிருமியை அடக்குகிற குணம் மட்டும் மிஞ்சும்.

அப்புறம் பீப்பாய்க்குள் முறை போட்டு வேலை நடக்கிறது. சாதாரண ஈஸ்ட் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு ஓய, பல மாதம் கழித்து பீடியோகாக்கஸ் பாக்டீரியா வந்து புளிப்பேற்றும். அந்தக் கட்டத்தில் பீர் எண்ணெய் மாதிரி வழவழவென்று நூலாக இழுக்கும், வெண்ணெய் வாடையும் வரும், அப்போது ருசி பார்த்தால் இது தேறாது என்றே தோன்றும். பிறகு ப்ரெட்டனோமைசிஸ் என்கிற காட்டு ஈஸ்ட் மெதுவாக எழுந்து அந்த வழவழப்பையும் வெண்ணெய் வாடையையும் தின்று தீர்த்துவிடும். இதற்கெல்லாம் அவசரம் ஆகாது, அதனால்தான் வருடக்கணக்கு.

மரத்தின் வழியே துளித்துளியாகக் காற்று உள்ளே போகிறது, அந்தத் துளி அளவுதான் முக்கியம். 225 லிட்டர் ஒயின் பீப்பாயில், உள்ளே இருக்கிற பீருக்கு மரத்தின் பரப்பு அதிகம், அதனால் காற்றும் அதிகம். ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கிற பெரிய மரத்தொட்டியில் அது குறைவு. புது ஓக் என்றால் வெனிலா வாசனையும் துவர்ப்பும் இறங்கும், பலமுறை பயன்படுத்திய பழைய பீப்பாயில் மரத்தின் ருசி கிட்டத்தட்ட தீர்ந்திருக்கும். எனக்குப் பழைய பீப்பாய்தான் பிடிக்கும். வெனிலா தூக்கலாக இருக்கிற புளிப்பு பீரில் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன.

கேள்வி: பழையதையும் புதியதையும் கலந்தது என்று லேபிளில் இருக்கிறது. கலப்படம் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை, இந்தத் தொழிலின் உச்சமே அந்தக் கலவைதான். கூஸ் என்பது ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பது. இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைக் கொடுக்கும், முதிர்ந்தது ஆழத்தைக் கொடுக்கும். பெல்ஜியத்தின் ரூசெலாரே ஊரில் 1821-இல் தொடங்கிய ரோடன்பாக் ஆலையின் கிராண்ட் க்ரூ பீரில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடம் ஓக் தொட்டியில் இருந்தது, மீதி இளசு. பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்களில் ஒரே நாள் ஊற்றியதுகூட வேறு வேறாக வரும். ஒவ்வொன்றையும் ருசித்து, எது எதோடு சேரும், எதைக் கீழே ஊற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்கிற நாக்கு வருடக்கணக்கில் பழகி வருவது. ஒரே பீப்பாய் பீர் என்று விளம்பரம் செய்வதைவிட நல்ல கலவைக்கு நான் அதிக மரியாதை கொடுப்பேன்.

கேள்வி: குதிரை லாய வாசனை என்று சொல்கிறார்களே, அதைப் போய் யாராவது விரும்புவார்களா?

பதில்: விரும்புகிறார்கள், நானும்தான். அது ப்ரெட்டனோமைசிஸின் வேலை. 1904-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தின் க்ளாசன் இந்த ஈஸ்ட்டை விவரித்தது, பழைய ஆங்கிலேய பீர்களின் குணத்துக்கு இதுதான் காரணம் என்று காட்டத்தான். அளவாக இருந்தால் தோல், வைக்கோல், ஈர மரம். அளவு மீறினால் பிளாஸ்திரி வாடை.

கேள்வி: சில நாட்களிலேயே தயாராகிற புளிப்பு பீரும் உண்டாமே?

பதில்: உண்டு. காய்ச்சுகிற பாத்திரத்திலேயே லாக்டோபாசிலஸ் பாக்டீரியாவை விட்டு ஓரிரு நாளில் புளிக்கவைத்து, மறுபடி கொதிக்கவிட்டு அதைக் கொன்றுவிடுவார்கள். சுத்தமான புளிப்பு, தாகத்துக்கு அருமை, ஆனால் பீப்பாயின் ஆழத்தை அதில் தேடாதீர்கள்.

கேள்வி: சரி, எப்படிக் குடிப்பது?

பதில்: ஐஸ் மாதிரி குளிரவைக்காதீர்கள், வாசனை செத்துவிடும். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் போதும். வாய் குறுகிய ஒயின் கிளாஸில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, முதலில் மோந்து பாருங்கள். குளிராக இருக்கும்போது எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள் வாசனை முன்னால் நிற்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அதே கிளாஸில் மரமும் தோலும் மேலே வரும். பாட்டிலில் நொதித்தது என்றால் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும், ஒருநாள் நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரே மூச்சில் மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் கலங்காது. சின்னச் சின்ன மடக்காகக் குடியுங்கள், இடையிடையே தண்ணீர். ஏதாவது கொறிக்க வேண்டுமானால் கொழுப்புள்ள சீஸ் நன்றாகச் சேரும். குடித்த கையோடு பல் துலக்க வேண்டாம், அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும். பெரிய பாட்டில் என்றால் மூன்று நான்கு பேர் இருக்கும்போது திறப்பதுதான் நல்லது, மூடி வைத்தாலும் மறுநாள் அந்த நுரை இருக்காது.