கிளட்ச் மாற்றினார்களா? பழைய பிளேட்டைக் கேளுங்கள்

கேள்வி: கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்ததால் காரைப் பட்டறையில் விட்டேன். கிளட்ச் முழுதும் போய்விட்டது என்று 14,000 ரூபாய் வாங்கினார்கள். பழைய பிளேட்டைக் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்கிறார்கள். சத்தம் இன்னும் நிற்கவில்லை. – வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்து வயிறு எரிந்தது. கரகரப்பு என்றால் முதலில் கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் திரவம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் பிளேட்டைத் தொடாமலே சோதிக்கக்கூடியவை.

பழைய பாகத்தைக் காட்டாத பட்டறைகளை நான் மன்னிப்பதே இல்லை. கிளட்ச் இருப்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், மூடிய கூட்டுக்குள். இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் கிளட்ச் பிளேட் இறுகியிருக்கும்வரை சக்கரத்துக்கு விசை போகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கை அழுத்தும், பிடி விடும், கியர் விழும். கியர்பாக்ஸை இறக்காமல் இதில் எதையும் பார்க்க முடியாது. அந்த மறைவில்தான் ஏமாற்று நடக்கிறது.

பிளேட் கையில் கிடைத்தால் உண்மை தெரிந்துவிடும். அதன் இரு பக்கமும் உராய்வுப் பட்டையை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். ரிவெட் குழியில் விரல் நகத்தை வைத்துப் பாருங்கள். ரிவெட் தலை பட்டையின் மட்டத்துக்கு வந்திருந்தால் ஆயுள் முடிந்தது. நகம் நன்றாக உள்ளே இறங்கினால், தேய்மானத்தைச் சொல்லி மாற்றியது பொய். பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெரும்பாலும் ஆயில் சீல் கசிகிறது; அதை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போடுவது வீண் செலவு. உங்கள் காசில் வாங்கிய காரின் பாகம் உங்களுடையது. இனி வண்டியை விடும்போதே ‘பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது பில்லோடு பட்டறைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மேட்டுச் சிக்னலில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து நிற்பேன். பிளேட் அடிக்கடி எரிகிறது. எந்த பிராண்ட் தாங்கும்? – வாசகர், கோவை

பதில்: எதுவும் தாங்காது, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

கேள்வி: ‘கிளட்ச் புதிது’ என்று தரகர் சொன்னதை நம்பிப் பழைய கார் வாங்கினேன். ஓட்டிப் பார்க்கவில்லை, எழுதியும் வாங்கவில்லை. ஒரே வாரத்தில் கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது. – வாசகர், ஓசூர்

பதில்: ஓட்டிப் பார்க்காமல் கார் வாங்குகிறவருக்கு நான் எப்படி உதவுவது? எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வழக்கு நிற்பது கடினம். அவர் அனுப்பிய குறுஞ்செய்தி, விளம்பரம் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அடுத்த முறை சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கெடும்.

கேள்வி: பிளேட் மட்டும் மாற்றினால் போதாதா? – வாசகர், விருதுநகர்

பதில்: கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. இறக்கியபின் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவதே நல்லது. நான் ஒரு கடையில் பேரிங்கைத் தனியாக, பில் இல்லாமல் வாங்கினேன். அச்சு அசலாக இருந்த அட்டைப்பெட்டிக்குள் போலி. கொஞ்ச நாளில் பெடலை மிதித்தாலே கீச்சிட்டது. மறுபடி கியர்பாக்ஸை இறக்கக் கூலி கொடுத்தேன். கடைக்காரர் பொருள் தன்னுடையதே இல்லை என்றார். பில் தர மறுப்பதே 2019 சட்டத்தில் நேர்மையற்ற வணிகம். பில்லை எழுதி வாங்கியபின் பணத்தைக் கொடுங்கள்.